புதுப்பிப்பு: ஜெர்மன் மாணவர்களோடு சேர்ந்து செய்யும் புராஜெக்ட் என்ன ஆனது?

ஜெர்மனியில் உள்ள ஒரு கல்லூரியோடு இணையவழியில் நடத்தும் கூட்டுப் புராஜெக்டில் எங்கள் மாணவர்கள் வாயே திறப்பதில்லை என்று போன மாதம் புலம்பியிருந்தேன். இப்போது கொஞ்சம் தேறியிருக்கிறது.

தப்பு என்னுடையதுதான். பழக நேரமே கொடுக்காமல் முதல் நாளே தலைப்புக்குள் குதித்துவிட்டேன். ‘காயில்’ (COIL) எனப்படும் இந்த இணையவழிப் பன்னாட்டுக் கூட்டுக் கற்றல் முறைக்கு நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகம் 2006-லேயே தனி மையம் தொடங்கியது. முதலில் பழகுவது, பிறகு ஒப்பிட்டுப் பேசுவது, அப்புறம்தான் சேர்ந்து வேலை என்பதே இதில் வழக்கமான வரிசை. சரி என்று நான்கு நான்கு பேராகப் பிரித்து, அவரவர் சமையலறையைக் காட்டச் சொன்னோம். அன்றைக்குக் கூட்டம் முடியவே இல்லை!

பெரிய சிக்கல் வேறு. “முயற்சி செய்கிறோம்” என்று நம் பிள்ளைகள் சொன்னால் அது பாதி மறுப்பு. அங்கே அதை வாக்குறுதியாகக் குறித்துக்கொண்டார்கள். இதை இரு தரப்பும் வெளிப்படையாகப் பேசிய பிறகு, ஒரு பையன் முதன்முறையாக “வெள்ளிக்குள் முடியாது” என்றான். எனக்கே ஆச்சரியம்.

இன்னொன்று: அக்டோபர் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தைப் பின்னுக்கு வைத்ததில், 3.30 மணி நேர வித்தியாசம் 4.30 ஆனது. மறுநாள் ஒரு மணி நேரம் காலித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.