லேடில் தொங்கிக்கொண்டிருந்த பத்து நிமிஷம்

பிளானிங்_தம்பி:
கோவையில் ஒரு பவுண்டரி, அரை டன் இண்டக்‌ஷன் உலை. அன்றைக்கு எஸ்ஜி (கிராஃபைட் உருண்டை உருண்டையாக இருக்கும் வார்ப்பிரும்பு), வால்வு பாடி. என் எக்செல்லில் உலை ஒரு நிமிஷம்கூடச் சும்மா நிற்காது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை வேறு. அந்த உருண்டைக்காக மக்னீசியம் போட்டு, வெள்ளை வெளிச்சம் அடங்கி, கசடு வழித்து லேடில் (உருகிய இரும்பைத் தூக்கும் வாளி) கிரேனில் வந்துவிட்டது. லைனில் பார்த்தால் 14 பாக்ஸ் (மணல் அச்சு) மூடாமல் கிடக்கிறது, உள்குழிவுக்கு வைக்கும் மணல் கட்டையான கோருக்காக. கோர் வரவில்லை. மக்னீசியம் பத்து நிமிஷம் தாங்கினாலே பெரிசு. ஊற்றுகிற அண்ணன் திட்டவில்லை. லேடிலைச் சாய்க்கும் சக்கரத்தைப் பிடித்தபடி லேடிலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். மிச்சம் முழுக்கப் பிக் மோல்டில் (வீணான இரும்பைக் கட்டியாக ஊற்றும் அச்சு) போனது.

கோர்ஷாப்காரன்:
"கோர் வரவில்லை" என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். பிளான் எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள்? எங்களுக்குச் சாயங்காலம் 4 மணிக்கு வரும், மறுநாள் காலை ஷிப்டுக்கு. கோர் அடித்து, பெயிண்ட் அடித்து, காய வேண்டாமா? முன்கூட்டியே அடித்து அடுக்கு என்பார்கள். ஐப்பசி மழையில் அப்படி நாலு நாள் அடுக்கி வைத்தது ஈரம் இழுத்து, காஸ்டிங் முழுக்க புளோ ஹோல் (வாயு ஓட்டை). திட்டு விழுந்தது எனக்கு, பிளானிங்குக்கு இல்லை.

பழைய_மெல்ட்டர்:
ஒருமுறை கிரே (சாதா வார்ப்பிரும்பு) ஓடிய மிச்சம் கிடந்த உலையிலேயே எஸ்ஜி ஏற்றச் சொன்னார்கள். கிரேயில் இருந்த கந்தகம் மக்னீசியத்தைத் தின்றுவிட்டது. மைக்ராஸ்கோப்பில் உருண்டையையே காணோம். அவ்வளவுதான் என் கதை.

தம்பி, கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். டன் கணக்கில் பிளான் போடாதீர்கள், மூடிய பாக்ஸ் கணக்கில் போடுங்கள். கோர் ரேக்கில் எண்ணிப் பார்க்காமல் உலைக்குச் சார்ஜ் (உருக்கும் சரக்கு) கொடுக்கவே கூடாது. எஸ்ஜியில் 400 கிரேடு முதலில், காப்பர் போடும் 600 கிரேடு அடுத்து, கிரே கடைசி. மாற்றிப் போட்டால் உலையைச் சுத்தமாக வடிக்க வேண்டும், அந்த நேரத்தை எந்த எக்செல்லும் காட்டாது. பீக் அவர் கரண்டுக்குப் பயந்து எல்லா ஹீட்டையும் (ஒவ்வொரு உலை உருக்கு) ராத்திரிக்குத் தள்ளுவார்கள். ராத்திரி கோர்ஷாப்பில் எத்தனை பேர் என்று யாரும் கேட்பதில்லை. கட்டண மிச்சத்தைப் பிக் மோல்ட் விழுங்கிவிடும். பேட்டர்ன் (மணலில் அச்சு எடுக்கும் மாதிரி) மாற்றுவதையும் ஒரு வேலையாக எழுதுங்கள். அப்புறம் உலைக்கு உள்ளே புது லைனிங் (உட்பூச்சு) போட்ட அன்று...

பிளானிங்_தம்பி:
சரி அண்ணா, ரேக்கை எண்ணுவது அடுத்த வாரமே ஆரம்பித்துவிட்டது. கோர்ஷாப் நண்பரே, எங்களிடமும் 4 மணிதான். அன்றைக்கு நான் அனுப்பியது 5:20.