மறு: ஃபெடரலிஸ்ட் – 'கூட்டாட்சியாளர்' சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம். இழை நீண்டுவிட்டதால் எல்லாருக்கும் ஒரே மடலில் பதில் எழுதுகிறேன்.

> அமெரிக்க அரசமைப்பு உருவான கதையை மாணவர்களுக்காக எழுதிவருகிறேன். ஃபெடரலிஸ்ட், ஆன்டி-ஃபெடரலிஸ்ட் என்பவற்றுக்குக் கூட்டாட்சியாளர், கூட்டாட்சி எதிர்ப்பாளர் என்று போட்டிருக்கிறேன். சரிதானா ஐயா?

அகராதிப்படி சரிதான் அம்மா. ஆனால் படிக்கிற பிள்ளை தலைகீழாகப் புரிந்துகொள்ளும். 'கூட்டாட்சி' என்று காதில் விழுந்தாலே நமக்கு மாநில உரிமைதான் நினைவுக்கு வரும். 'கூட்டாட்சிக்கு ஆபத்து' என்று மேடையில் ஒருவர் முழங்கினால், தில்லியில் அதிகாரம் குவிகிறது என்று பொருள். இலங்கையில் 'சமஷ்டி' இன்னும் அழுத்தமாக அதே பக்கம் நிற்கிறது. 1949-இல் தொடங்கிய இலங்கைத் தமிழரசுக் கட்சிக்கு ஆங்கிலத்தில் ஃபெடரல் பார்ட்டி என்றுதான் பெயர். அமெரிக்காவில் 1787-இல் எழுதிய புதிய அரசமைப்பை ஏற்கச் சொல்லி ஃபெடரலிஸ்ட் என்று பெயர் வைத்துக்கொண்டவர்களோ, நடுவில் வலுவான அரசு வேண்டும் என்றவர்கள். மாநிலத்தின் கையில் இருப்பது பறிபோய்விடும் என்று அஞ்சியவர்கள் எதிர்ப்பக்கம். 'மக்களாகிய நாங்கள் என்று எழுத இவர்களுக்கு என்ன உரிமை, மாநிலங்களாகிய நாங்கள் என்றல்லவா எழுதியிருக்க வேண்டும்' என்று அந்த அரசமைப்பை ஏற்பதா என்று முடிவுசெய்ய 1788-இல் கூடிய வர்ஜீனியா மன்றத்தில் கேட்டவர் பேட்ரிக் ஹென்றி. அவரைப் போய் 'கூட்டாட்சி எதிர்ப்பாளர்' என்று எழுதினால் எப்படி?

குழப்பம் தமிழில் தொடங்கியதும் அல்ல. அந்தச் சொல்லுக்கு மூலம் லத்தீனில் உடன்படிக்கை என்று பொருள்படும் ஃபோடஸ். தனித்தனி அரசுகள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டு சேர்ந்திருப்பதைத்தான் 18-ஆம் நூற்றாண்டில் ஃபெடரல் என்றார்கள். 1781-இல் நடப்புக்கு வந்த அமெரிக்காவின் முதல் அரசமைப்பு அப்படிப்பட்டதுதான். வெளிப்படையாக ஒப்படைக்காத அதிகாரமெல்லாம் மாநிலத்துக்கே என்று அதன் இரண்டாம் பிரிவு சொன்னது. வரி போடும் உரிமை காங்கிரசுக்கு, அதாவது அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கு, கிடையாது. மாநிலங்களிடம் கேட்டு வாங்க வேண்டும், கொடுத்தால் உண்டு. போர்க்கடனை அடைக்க இறக்குமதிக்கு 5 சதவீதத் தீர்வை போடலாமா என்று கேட்டபோது, 13 மாநிலமும் ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. 1782-இல் ரோட் ஐலண்ட் என்ற பொடி மாநிலம் முடியாது என்றது. அவ்வளவுதான், திட்டம் படுத்துவிட்டது.

இந்த ஏற்பாட்டைக் காக்க நினைத்தவர்கள்தானே பழைய பொருளில் ஃபெடரல்காரர்கள்? பெயரை எதிரணி முந்திக்கொண்டு எடுத்துப் போய்விட்டது. இவர்களுக்கு மிச்சம் கிடைத்தது 'எதிர்ப்பாளர்' என்ற ஒட்டுதான். அதனால்தான் புதிய அரசமைப்பைக் குறைசொல்லிக் கடிதங்கள் எழுதிய ஒருவர் 'ஃபெடரல் ஃபார்மர்' என்றே புனைபெயர் வைத்துக்கொண்டார். ஏற்கச் சொன்னவர்களில் ஒருவரான மேடிசனும், அதற்காக எழுதிய ஃபெடரலிஸ்ட் கட்டுரைகள் 85-இல் 39-ஆம் கட்டுரையில், புதிய அமைப்பு முழுக்க ஃபெடரலும் அல்ல, முழுக்க நேஷனலும் அல்ல, இரண்டும் கலந்தது என்று ஒத்துக்கொள்கிறார். அங்கே ஃபெடரல் என்பதற்கு அவர் கொள்வது பழைய பொருளை. ஆகவே இந்த ஓரிடத்தில் மட்டும் நீங்கள் தாராளமாகக் 'கூட்டாட்சி' என்று போடலாம்.

> 'ஒன்றியர்' என்று வைத்தால் என்ன? ஒன்றிய அரசு என்பது இப்போது எல்லார் வாயிலும் வருகிறதே.

வருகிறது. ஆனால் 2021-க்குப் பிறகு தமிழ்நாட்டில் அதை வலிந்து சொல்கிறவர்கள், மாநிலங்கள் சேர்ந்துதான் இந்தியா என்று நினைவூட்டத்தான் சொல்கிறார்கள். முதல் பள்ளத்திலிருந்து ஏறி இரண்டாவதில் விழுவதாகும். 1861-இல் தொடங்கிய அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குத் தரப்புக்கு ஒன்றியம் என்ற சொல் நமக்கு வேண்டியிருக்கும் என்பது தனி. (ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கு அலைந்தவர்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் வேறு நினைவெல்லாம் வரும், அதை விடுங்கள்.)

> 'நடுவணர்' என்று பொருளை நேராகச் சொல்லிவிடலாமே.

எனக்கும் முதலில் இது பிடித்திருந்தது. 1787-க்குக் கச்சிதமாகப் பொருந்தும். கொஞ்சம் தள்ளிப் போனால் இடிக்கும். 1790-களில் நிதியமைச்சர் ஹாமில்டனைச் சுற்றி அதே பெயரில் ஒரு கட்சி உருவாகிறது. 1798-இல் அவர்கள் கையில் ஆட்சி இருந்தபோது, அரசைத் தாக்கி எழுதினால் சிறை என்று தேசத்துரோகச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதை எதிர்த்து, எதிரணித் தலைவர் ஜெபர்சன் கென்டக்கிக்கும் மேடிசன் வர்ஜீனியாவுக்கும் மாநில உரிமைத் தீர்மானங்களைப் பெயர் வெளியே தெரியாமல் எழுதிக் கொடுத்தார்கள். மேடிசன் பத்தாண்டுகளுக்கு முன் யார் பக்கம் இருந்தார் என்று மேலே பார்த்தோம். அப்புறம் ஜெபர்சன் குடியரசுத் தலைவராகி, 1803-இல் லூசியானாவை விலைக்கு வாங்குகிறார்; 1807-இல் வெளிநாட்டு வணிகத்தையே முடக்குகிறார். கப்பல் வணிகத்தை நம்பியிருந்த நியூ இங்கிலாந்து அடிபடுகிறது. 1812-இல் பிரிட்டனோடு போரும் வந்தபின், 1814 டிசம்பரில் ஹார்ட்ஃபோர்டில் கூடி மாநில உரிமை பேசியவர்கள் யார்? ஃபெடரலிஸ்டுகள்! 'நடுவணர்கள் நடுவணரசை எதிர்த்து மாநில உரிமை கோரினர்' என்று எழுதிப் பாருங்கள், அச்சுப்பிழை என்று நினைப்பார்கள்.

ஆகவே கட்சியாக வருமிடத்தில் ஒலிபெயர்ப்பே போதும் என்பது என் கருத்து: ஃபெடரலிஸ்ட் கட்சி. பெயருக்கும் கொள்கைக்கும் உறவு அறுந்தபின் பொருள்பெயர்த்துப் பயனில்லை. தனித்தமிழ் அன்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

1787–88 விவாதத்துக்குத்தான் தமிழ்ச்சொல் வேண்டும். அதற்கான யோசனை அந்தக் காலத்திலேயே கிடைக்கிறது. அரசமைப்பை எழுதிய பிலடெல்பியா மாநாட்டில் கடைசி நாள்வரை இருந்தும் கையெழுத்துப் போட மறுத்த மூவரில் ஒருவர் எல்பிரிட்ஜ் கெர்ரி. 1789-இல் காங்கிரசில் பேசும்போது, ஃபெடரலிஸ்ட் என்ற பெயரே தப்பு, எதிர்ப்பாளர் எனப்பட்டவர்கள்தான் ஃபெடரல் அரசைக் கேட்டவர்கள் என்றார். ராட்டிஃபை செய்ய, அதாவது அரசமைப்பை ஏற்கச் சொன்னவர்களை 'ராட்ஸ்' என்றும் மற்றவர்களை 'ஆன்டி-ராட்ஸ்' என்றும் அழைத்திருக்க வேண்டுமாம். எலி, எலியெதிரி! கிண்டலை விட்டுவிட்டால் பிரிப்பு நேர்மையானது. யார் எந்தத் தத்துவக்காரர் என்று தீர்ப்புச் சொல்லாமல், அரசமைப்பை ஏற்கச் சொன்னாரா இல்லையா என்பதை மட்டும் பார்க்கிறது. எனவே என் பரிந்துரை: ஏற்பு அணியினர், மறுப்பு அணியினர். சேர்த்து 'ஏற்பணி' என்று எழுதினால் ஏதோ வேலையின் பெயர் போலிருக்கும், பிரித்தே எழுதுங்கள்.

'மறுப்பு' கொஞ்சம் கடுமைதான். பலர் முழுக்க மறுக்கவில்லை, உரிமைகளைக் காக்கும் திருத்தங்களைச் சேர்த்த பிறகு ஏற்கலாம் என்றார்கள். மாசசூசெட்ஸில் திருத்தங்களைப் பரிந்துரைக்கிறோம் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் 187-க்கு 168 என்று ஒருவழியாகத் தேறியது. முதல்முறை வருமிடத்தில் ஒரு வரி விளக்கம் போட்டுவிட்டால் சரியாகிவிடும்.

> நல்லிஃபிகேஷனுக்கு 'சட்ட ரத்து' என்று போட்டேன்.

வேண்டாம். ரத்து என்றால் இயற்றியவரோ நீதிமன்றமோ சட்டத்தையே எடுத்துவிடுவது. 1832-இல் தெற்குக் கரோலினா அப்படிச் செய்யவில்லை. நடுவணரசின் 1828, 1832 இறக்குமதித் தீர்வைச் சட்டங்கள் அடுத்த ஆண்டு பிப்ரவரி 1 முதல் தன் எல்லைக்குள் செல்லாது என்றது. பக்கத்து மாநிலத்தில் அவை வழக்கம்போல நடக்கும். கடைக்காரர் 'இந்த நோட்டு இங்கே செல்லாது' என்கிறாரே, அதே செல்லாது. ஆகவே 'செல்லாதாக்கம்'. அதைச் செய்தவர்கள் தங்களை நல்லிஃபையர் என்று பெருமையாகவே சொல்லிக்கொண்டார்கள். 'செல்லாதாக்கர்' என்றால் எனக்கே சிரிப்பு வருகிறது. 'செல்லாதாக்குவோர்' என்றால் நீள்கிறது. இதற்கு மட்டும் யாராவது நல்ல சொல் தாருங்கள்.