ஆமிஷ் மேசை: பேரை நம்பலாமா, ஆர்டர் சீட்டை நம்பலாமா?

வைரமரம்:
ஆமிஷ் என்பது நவீன வசதிகளைப் பெரும்பாலும் தவிர்த்து வாழும் அமெரிக்கக் கிறிஸ்தவச் சமூகம். ஒஹாயோவின் ஹோம்ஸ் கவுண்டியிலோ, இண்டியானாவின் ஷிப்ஷெவானாவிலோ உள்ள அவர்கள் பட்டறையில் ஆர்டர் கொடுத்துச் சாப்பாட்டு மேசை செய்ய 3, 4 மாதம் ஆனாலும் காத்திருக்கலாம். முழு மரம், நாம் கேட்ட அளவு. மரத்தூளைப் பசையால் அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு மேசையில் தண்ணீர் இறங்கி ஊதிவிட்டால் அதோடு சரி. இதை இழைத்து மறுபடி பாலிஷ் போடலாம்.

இழைப்புளி:
மரத்தைப் பற்றிச் சண்டை இல்லை. ‘ஆமிஷ்’ என்ற பேருக்கே காசு கொடுப்பதைத்தான் ஏற்க முடியாது. அந்தப் பேருக்குத் தரச்சான்று கிடையாது. பல பட்டறைகள் ஆமிஷ் அல்லாதவர் நடத்தும் ஷோரூம்களுக்கு மொத்தமாகச் செய்து கொடுக்கின்றன. முழுக்கக் கைவேலையும் இல்லை. டீசல் எஞ்சின் தரும் காற்றழுத்தத்தில் ரம்பமும் இழைப்பு மெஷினும் ஓடுகின்றன.

வைரமரம்:
மெஷின் ஓடினால் வேலை மட்டமாகிவிடுமா? புறாவால் வடிவப் பற்களைக் கோத்துச் சேர்க்கும் டவ்டெயில் மூட்டை மெஷினில் வெட்டினாலும் இறுக்கமாகத்தான் நிற்கும். பலகைகளை ரேகை பார்த்துச் சேர்ப்பதில்தான் கைப்பழக்கம் தெரியும்.

இழைப்புளி:
அப்படியானால் அதைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். வெறும் ‘ஓக்’ என்று எழுதினால் சாதாரண அறுப்பு ரெட் ஓக்தான் வரும். 42 அங்குல அகலப் பலகையில், மரத்தின் ஈரம் 4 சதவீதம் மாறினால் அது சுமார் 0.6 அங்குலம் விரியும், சுருங்கும். குவார்ட்டர்-சான், அதாவது வளர்ச்சி வளையங்களுக்குக் குறுக்கே அறுத்த, வொயிட் ஓக்கில் சுமார் 0.3தான். குளிர்காலத்தில் ஹீட்டர் காற்று வீட்டை வறட்டும்போது இதுதான் வினை. மேற்பலகையைச் சட்டத்தோடு அசையாமல் திருகியிருந்தால் வெடிப்பு விழும். நீள்துளையோ, நகரும் உலோகக் கிளிப்போ கேளுங்கள். இரு முனைகளிலும் குறுக்குப்பலகை வைத்தால் பசை நடுவில் மட்டும். முழு நீளத்துக்கும் பூசினால் அதுவும் பிளக்கும்.

மூட்டுப்பலகை:
பிரவுன் மேப்பிளையும் ஹார்டு மேப்பிளையும் ஒன்றென்று நினைக்காதீர்கள். முன்னது மென்மேப்பிள் வகை. மரத்தின் கடினத்தை அளக்கும் ஜாங்கா அளவில் மென்மேப்பிள் வகையான ரெட் மேப்பிள் 950, ஹார்டு மேப்பிள் 1450. செர்ரி வாங்கினால், மேசையை நீட்டப் போடும் பலகையை அலமாரிக்குள் பூட்டாதீர்கள். வெளிச்சம் பட்ட பாகம் கருக்கும், பூட்டி வைத்தது வெளிறியே கிடக்கும். முதல் சில மாதம் அதை மேசையிலேயே போட்டு வையுங்கள்.

இழைப்புளி:
பாலிஷ் விஷயத்திலும் வைரமரம் சொல்வது அவ்வளவு சுலபமில்லை. பெரும்பாலும் அடிப்பது கன்வெர்ஷன் வார்னிஷ், ரசாயனம் சேர்ந்து இறுகும் பூச்சு. தண்ணீரைத் தாங்கும், ஆனால் கீறிய இடத்தை மட்டும் ஒட்டுப்போட முடியாது. அந்தப் பரப்பு முழுவதையும் சுரண்டித்தான் புதிதாக அடிக்க வேண்டும்.

வைரமரம்:
சுரண்டவாவது மரம் இருக்கிறதே! மலிவுப் பலகை மேல் ஒட்டும் மெல்லிய மர ஏடான வெனீரில் சுரண்டினால் அடிப்பலகை தெரிந்துவிடும். ஒரே பட்டறையைப் பிடித்து வைத்தால் இன்னொரு பயனும் உண்டு: பின்னால் 2 நாற்காலி கூடுதலாக வேண்டுமென்றால் அதே வடிவத்தில் செய்து வாங்கலாம். பேருக்கு மதிப்பில்லை என்று நான் ஒப்பமாட்டேன்.

இழைப்புளி:
அதற்கு எந்தப் பட்டறை என்று தெரிய வேண்டுமே. ஷோரூம்காரரிடம் பட்டறையின் பேர், மரவகை, அறுப்பு, சாயத்தின் எண் நான்கையும் சீட்டில் எழுதச் சொல்லிவிட்டு முன்பணம் கொடுங்கள். சாய மாதிரியையும் அதே மரத்துண்டில் பூசிக் காட்டச் சொல்லுங்கள். ஓக்கில் பார்த்த நிறம் மேப்பிளில் வராது.