ஆக்டிவ் கேலக்ஸி மையத்தில் உள்ள நட்சத்திரங்களின் வயதை எப்படிப் பிரித்தெடுப்பது?

பாளை மாணவன்:

எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் எம்.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சேஃபர்ட் கேலக்ஸிகளின் (நடுவில் கருந்துளை வாயுவை விழுங்கி ஒளிரும் ஒரு வகை ஆக்டிவ் கேலக்ஸி) நடுமையத்தில் எந்த வயது நட்சத்திரங்கள் எவ்வளவு இருக்கின்றன என்பதை ப்ராஜெக்டாகச் செய்ய ஆசை. எங்கள் டிபார்ட்மெண்டில் கிரிஸ்டல் வளர்ப்பு, தின் ஃபிலிம் செய்பவர்கள்தான் இருக்கிறார்கள். கைடு தடுக்கவில்லை, "செய், ஆனால் நீயே பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டார். அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

நான் படித்தவரை, கருந்துளையைச் சுற்றும் வாயு வட்டே பல கேலக்ஸிகளில் மொத்த நட்சத்திர வெளிச்சத்துக்கும் போட்டியாக இருக்கும் போலிருக்கிறது. அப்படியானால் அதன் பக்கத்தில் இருக்கும் நட்சத்திரங்களின் வெளிச்சத்தை எப்படித் தனியாக எடுப்பார்கள்? மையம் நீலமாக இருந்தால் அங்கே புதிதாக நட்சத்திரங்கள் பிறந்திருக்கின்றன என்று எழுதலாமா? அப்புறம் இதற்குக் காவலூர் வானாய்வகம் மாதிரி இடத்துக்குப் போயே ஆக வேண்டுமா, என்னிடம் இருக்கும் 8 ஜிபி லேப்டாப் போதுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அம்பைக்காரி:

தம்பி, "நீலம், ஆகவே இளம் நட்சத்திரம்" என்று ஒரு வரி எழுதினால் வைவாவில் அங்கேயே பிடித்துக்கொள்வார்கள். கருந்துளை வட்டும் நீலம்தான், அதன் வெளிச்சம் எங்காவது பட்டுச் சிதறி வந்தால் அதுவும் நீலம்தான், பிறந்து ஒரு கோடி ஆண்டுகூட ஆகாத ஓ, பி வகை நட்சத்திரங்களும் நீலம்தான். நிறத்தை நம்பாதே, நிறமாலையில் உட்கவர் கோடுகளைப் பார், அதாவது நட்சத்திரத்தின் வாயு சில அலைநீளங்களை விழுங்குவதால் வரும் பள்ளங்களை.

முதலில் இரண்டாம் வகை சேஃபர்ட்களை மட்டும் எடுத்துக்கொள். முதல் வகையில் வட்டு நேராக நம் பக்கம் கண்ணைக் கூசவைக்கும். இரண்டாம் வகையில் தூசி வளையம் குறுக்கே நின்று அதை மறைத்துவிடுகிறது, நட்சத்திரங்கள் வெளியே தெரியும். ஆனால் மறைப்பு முழுமையானது இல்லை. என்ஜிசி 1068-ஐ 1985-இல் முனைவாக்கப்பட்ட ஒளியில் (சிதறி வரும் ஒளி முனைவாகும்) பார்த்தபோது முதல் வகைக்கே உரிய அகலமான கோடுகள் உள்ளே ஒளிந்திருப்பது தெரிந்தது. அதாவது வட்டின் வெளிச்சம் மேலேயுள்ள வாயுவிலும் தூசியிலும் பட்டுச் சிதறி, சுற்றுவழியில் நம்மிடம் வந்து சேருகிறது. இரண்டாம் வகையில் உன்னை ஏமாற்றப்போவது அந்த மிச்ச நீலம்தான்.

அந்த வெளிச்சத்தில் நட்சத்திரக் கோடுகள் கிடையாது. அதனால் அது கலந்தால், மோரில் தண்ணீர் விடவிட உப்பும் புளிப்பும் சேர்ந்தே குறைவதுபோல, 3933 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் உள்ள கால்சியம் கே, 5175 பக்கத்து மக்னீசியம் எல்லாம் ஒன்றாக ஆழம் குறையும். "சரி, எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்தால் கலப்பு தெரிந்துவிடுமே" என்று தோன்றும். முன்பு அப்படித்தான் செய்தார்கள். சிக்கல் என்னவென்றால், ஓ வகை நட்சத்திரத்திலும் இந்தக் கோடுகள் ஏறக்குறைய இல்லை, அதுவும் அதே வேலையைச் செய்துவிடும். கொஞ்சம் தூசி மூடிய, 50 லட்சம் ஆண்டு வயதுள்ள நட்சத்திரத் தொகுப்பையும் வட்டின் சிதறல் வெளிச்சத்தையும் ஆப்டிக்கல் நிறமாலையில் பிரித்துக் காட்டுவது கிட்டத்தட்ட முடியாத காரியம். சாஃப்ட்வேர் இரண்டுக்கும் தனித்தனி எண் கொடுக்கும்தான், நம்பிவிடாதே. இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக எழுது, இந்தத் துறையில் அனுபவம் உள்ளவர்களும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

சில கோடியிலிருந்து 100 கோடி ஆண்டு வரை வயதுள்ள நட்சத்திரங்களைத்தான் ஆப்டிக்கலில் உறுதியாகச் சொல்ல முடியும். அவற்றில் ஹைட்ரஜனின் பால்மர் உட்கவர் கோடுகள் பலமாக இருக்கும், சிதறல் வெளிச்சத்தால் அதைப் போலி செய்ய முடியாது. ஆனால் ஆக்டிவ் மையத்தின் வாயு அதே இடத்தில் தானே ஒளிர்ந்து உமிழ்வுக் கோடும் போடும், பள்ளத்தை நிரப்பிவிடும். பால்மர் கோடுகளில் ஒன்றான எச் டெல்டா கூடப் பல நேரம் நிரம்பிவிடும். இன்னும் குறைந்த அலைநீளத்துக்குப் போ, 3889 (எச் 8), 3835 (எச் 9) பக்கம். அங்கே உமிழ்வு சட்டென்று பலவீனமாகிவிடும், உட்கவர்தல் அவ்வளவு குறையாது. கிழடுகளுக்கு 4000 ஆங்ஸ்ட்ராம் படி இருக்கிறது, அதற்குக் கீழே வெளிச்சம் சட்டென்று இறங்கும், உலோகக் கோடுகள் நெருக்கியடித்து நிற்பதால் வரும் படி அது, வயது கூடக்கூடப் பெரிதாகும். உலோகம் அதிகமானாலும் பெரிதாகும் என்பதை மறந்துவிடாதே.

ஒரு கோடி ஆண்டுக்கு உட்பட்ட இளசுகளை மறுக்க முடியாதபடி நிரூபிக்க வேண்டுமென்றால் புற ஊதாவில் பெரிய நட்சத்திரங்கள் வீசும் காற்றில் உண்டாகும் சிலிக்கான், கார்பன் கோடுகளைப் பார்க்க வேண்டும். மார்க்கேரியன் 477, என்ஜிசி 7130 போன்ற சிலவற்றுக்கு ஹப்பிளை வைத்து 1990-களிலேயே அப்படிக் காட்டினார்கள். உன் ப்ராஜெக்டுக்கு அது வேண்டாம்.

காவலூரில் வைணு பாப்பு தொலைநோக்கி 2.34 மீட்டர், நல்ல கருவிதான், ஆனால் நீ எங்கும் போக வேண்டியதில்லை. ஸ்லோன் என்ற பெரிய வான் சர்வேயின் நிறமாலைகள் இலவசமாகக் கிடக்கின்றன. 2003-இல் வந்த ஒரு பெரிய ஆய்வு அதிலிருந்து 22 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆக்டிவ் கேலக்ஸிகளை எடுத்து, மையம் வீரியமாக இருக்கும் கேலக்ஸிகளில் இளம் நட்சத்திரங்களும் கூடுதல் என்று காட்டியது. பைத்தானில் பிபிஎக்ஸ்எஃப் என்று, நிறமாலைக்குப் பல வயது நட்சத்திர மாடல்களைக் கலந்து பொருத்தும் ஒரு நிரல் இருக்கிறது, அதையும் 985 நட்சத்திரங்களின் நிறமாலை உள்ள மைல்ஸ் நூலகத்தை வைத்துச் செய்த மாடல்களையும் இறக்கிக்கொள். ஒவ்வொரு நிறமாலையாக ஓட்ட 8 ஜிபி தாராளம்.

டவுண் வாத்தியார்:

அம்பை அம்மா சொன்னது சரி. ஆனால் "மையம்" என்று எதைச் சொல்கிறோம் என்பதை யாருமே கேட்கவில்லையே.

கேலக்ஸியின் ஒளியை வாங்கும் ஸ்லோனின் பழைய ஃபைபர் 3 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்குதான் ஒரு ஆர்க்செகண்ட்) விட்டம். சிவப்புப் பெயர்ச்சி (தூரம் கூடக்கூட ஏறும் எண்) 0.1 உள்ள கேலக்ஸியில் அது சுமார் 18 ஆயிரம் ஒளியாண்டு அகலம், பாதி கேலக்ஸியே உள்ளே வந்துவிடும். 0.02 என்றால் சுமார் 4 ஆயிரம். அம்மா சொன்ன அந்த என்ஜிசி 1068, அதாவது எம் 77, அதையே எடுத்துக்கொள்வோம். அதில் இளம் நட்சத்திரங்கள் பெரும்பாலும் கருவிலிருந்து சுமார் 3 ஆயிரம் ஒளியாண்டு தள்ளி ஒரு வளையமாக இருக்கின்றன. நமக்குப் பக்கத்தில் இருப்பதால் வளையம் தனி, கரு தனி என்று தெரிகிறது. அதே கேலக்ஸியைத் தூரத்தில் கொண்டுபோய் வைத்தால் வளையம் முழுக்க ஃபைபருக்குள் விழும், "மையத்தில் நட்சத்திரப் பிறப்பு" என்று கூசாமல் தலைப்பும் போட்டுவிடுவோம். இந்தத் தலைப்பில் வரும் கட்டுரைகளில் நான் முதலில் தேடுவது தூரத்தைத்தான்.

அடுத்தது, ஒப்பீடு. ஆக்டிவ் கேலக்ஸியில் இவ்வளவு இளம் நட்சத்திரம் என்று சொன்னால் மட்டும் ஒன்றும் தெரியாது. அதே எடை, அதே வடிவம், அதே தூரத்தில், ஆனால் மையம் சும்மா இருக்கும் கேலக்ஸிகளிலும் அதே அளவை எடுத்துப் பக்கத்தில் வைக்க வேண்டும். மாணவர்கள் வழக்கமாக விட்டுவிடும் பாதி இதுதான், ஏனென்றால் வேலை இரட்டிப்பு. எது ஆக்டிவ், எது இல்லை என்று பிரிக்க ஆக்ஸிஜன் 5007-ஐ எச் பீட்டாவோடும், நைட்ரஜன் 6584-ஐ எச் ஆல்ஃபாவோடும் ஒப்பிடும் வரைபடம் 1981-லிருந்தே புழக்கத்தில் இருக்கிறது.

இன்னொன்று, ஒளியில் பங்கு வேறு, எடையில் பங்கு வேறு. வெளிச்சத்தில் 30 விழுக்காடு கொடுக்கும் இளசுகள் எடையில் 1 விழுக்காடுகூடத் தேறாமல் போகலாம். எதைச் சொல்கிறாய் என்று ஒவ்வொரு இடத்திலும் எழுது.

களக்காட்டு வானம்:

நான் படிப்பாளி இல்லை, எட்டு இன்ச் டாப்சோனியன் தொலைநோக்கி வைத்திருக்கும் ஆள். நட்சத்திரத்தின் வயதெல்லாம் கண்ணால் தெரியாது, ஆனால் ப்ராஜெக்ட் செய்கிற பொருளை ஒரு தடவையாவது பார்த்துவிடுங்கள் தம்பி. எம் 77 ஐப்பசி, கார்த்திகையில்தான் ராத்திரி முழுக்க நிற்கும், நமக்கு அப்போது மழை. பொங்கல் சமயத்தில் மழை விட்டு வானம் கழுவின மாதிரி இருக்கும், சாயங்காலம் ஏழு ஏழரைக்கே கிட்டத்தட்ட தலைக்கு மேலே வந்துவிடும். சின்னதாக ஒரு மங்கல், நடுவில் மட்டும் ஊசிமுனை போல வெளிச்சம். நம்ம ஊரின் லாபம் செண்டாரஸ் ஏ என்ற இன்னொரு ஆக்டிவ் கேலக்ஸி. டெல்லிக்காரர்களுக்கு அது அடிவானப் பக்கம் தாழ்வாகத்தான் வரும், நமக்குத் தெற்கே 38 டிகிரி உயரத்தில் நிற்கும், மே மாத நடுவில் இரவு பத்து மணி வாக்கில். ஆனிச் சாரல் தொடங்குவதற்குள் பார்த்துவிட வேண்டும். பைபாஸ் விளக்குகளை விட்டு மலைப்பக்கம் வந்தால் போதும்.

பாளை மாணவன்:

அக்கா, சார், அண்ணாச்சி, எல்லோருக்கும் ரொம்ப நன்றி. சிவப்புப் பெயர்ச்சி 0.03-க்குள் மட்டும் என்று வரம்பு வைத்துக்கொள்கிறேன், ஒப்பீட்டுத் தொகுப்பும் எடுக்கிறேன். ஒரு சந்தேகம். தூசிதான் பிரச்சினை என்றால் அகச்சிவப்பில் பார்த்தால் எல்லாம் சுலபமாக முடிந்துவிடாதா?

அம்பைக்காரி:

0.03 நல்ல வரம்பு. அந்த எல்லையில் உன் ஃபைபர் சுமார் 6 ஆயிரம் ஒளியாண்டு இருக்கும், அதை மறைக்காமல் முதல் பக்கத்திலேயே எழுதிவிடு, வாத்தியார் சாருக்கும் சமாதானமாகும்.

அகச்சிவப்பில் தூசி அவ்வளவாக மறைக்காது, ஆனால் கருவுக்குப் பக்கத்துத் தூசி சூடாகித் தானே ஒளிரும். சுமார் 1500 கெல்வின் வரை போகும், அதற்கு மேல் ஆவியாகிவிடும். அந்த ஒளிர்வு விழுவது 2 மைக்ரானைச் சுற்றித்தான், நட்சத்திரங்களின் கார்பன் மோனாக்சைடு உட்கவர் பட்டை 2.3 மைக்ரானில் இருக்கிறது. மறுபடியும் கலப்பு, இந்தத் தடவை சிவப்புப் பக்கத்திலிருந்து. போதாததற்கு, 100 கோடி ஆண்டு வயதை ஒட்டிய நட்சத்திரங்களின் கடைசிக் கட்டம் அகச்சிவப்பில் எவ்வளவு வெளிச்சம் தரும் என்பதில் மாடல்களே ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. எந்த மாடலை எடுக்கிறாயோ அதற்கேற்ற வயது வரும்.

ஆனாலும் அங்கிருந்து வந்த ஒரு முடிவை நீ படிக்க வேண்டும். 2007-இல் சிலியில் உள்ள எட்டு மீட்டர் தொலைநோக்கியின் சின்ஃபோனி கருவியை முக்கியமாக வைத்து ஒன்பது ஆக்டிவ் மையங்களை நெருங்கிப் பார்த்தார்கள். நட்சத்திரப் பிறப்பு நடந்து 1 கோடியிலிருந்து 30 கோடி ஆண்டு ஆகியிருக்கிறது, இப்போது ஓய்ந்துவிட்டது. நட்சத்திரம் பிறந்து 5 முதல் 10 கோடி ஆண்டு கழித்துத்தான் கருந்துளைக்குத் தீனி சேருகிறது என்பதற்கு ஒரு குறிப்பும் கிடைத்தது. பெரிய நட்சத்திரங்களின் வெடிப்பும் வேகமான காற்றும் முதலில் வாயுவை உதறித் தள்ளும், அது ஓய்ந்தபின் வயதான நட்சத்திரங்களின் மெதுவான காற்றுதான் உள்ளே விழும் என்பது அவர்கள் சொன்ன விளக்கம். ஒன்பதை வைத்துச் சொன்னது, அதனால் கேள்வி இன்னும் மூடவில்லை.

நீ தேடும் பால்மர் கோடுகள் அந்த வயதுக்குத்தான் சரியாக வேலை செய்யும். உன் தொகுப்பில் எச் 8, எச் 9 பலமாக இருக்கும் கேலக்ஸிகள் ஆக்டிவ் பக்கம் கூடுதலா, ஒப்பீட்டுப் பக்கம் கூடுதலா என்பதை மட்டும் கேள்வியாக வை, ஒரு எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு அது நிறைய. முதலில் ஒரு இருபது நிறமாலை இறக்கி பிபிஎக்ஸ்எஃப் ஓட்டி, மாடலைக் கழித்தபின் மிச்சம் வரும் வரைபடத்தை இங்கே போடு. அந்தக் கோடுகளின் பக்கம் இரைச்சல் ரொம்ப இருந்தால் அந்தக் கேலக்ஸியைத் தூக்கிவிடு.