புதுப்பிப்பு: காலியாகவே இருந்த டிக்‌ஷனரி

பைத்தான் நிரல்மொழியில், ஒரு ஃபைலில் நிரப்பிய, சாவி-மதிப்பு ஜோடிகளை வைக்கும் டிக்‌ஷனரி இன்னொரு ஃபைலில் காலியாகத் தெரிகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது. த்ரெட் (நிரலுக்குள் இணையாக ஓடும் இழை) மேல் சந்தேகப்பட்டு இரண்டு நாள் போனதுதான் மிச்சம்.

டிக்‌ஷனரி இருந்தது சர்வர்.பை ஃபைலில், அதையே நேரடியாக ஓட்டினேன். அப்படி ஓட்டினால் பைத்தான் அதை 'சர்வர்' என்று பதிவதில்லை. இருபுறமும் இரட்டை அடிக்கோடு போட்ட 'மெயின்' என்றே, ஏற்றிய மாட்யூல்களின் (கோட் ஃபைல்களின்) பதிவேடான சிஸ்.மாட்யூல்ஸில் பதிகிறது. அப்புறம் வேறொரு ஃபைல் சர்வரை இம்போர்ட் செய்ததும், அந்தப் பெயர் அங்கே இல்லாததால் அதே கோடை மறுபடி முதலிலிருந்து ஓட்டுகிறது. ஆக, இரண்டு டிக்‌ஷனரி! இரண்டு பக்கமும் அதன் ஐடியை (பைத்தான் தரும் அடையாள எண்ணை) அச்சிட்டபோதுதான் குட்டு உடைந்தது.

டிக்‌ஷனரியைத் தனி ஃபைலுக்கு மாற்றிவிட்டேன். சரியாக ஓடுகிறது. 'குளோபல் போடு' (எல்லா இடத்துக்கும் பொதுவாக்கு) என்று யோசனை சொன்னவர்களுக்கு: பைத்தானில் குளோபல் என்பது அந்த மாட்யூலுக்குள் மட்டும்தான்.