எஸ்சிட்டலோபிராமைப் பாதியில் விடுகிறார்கள், அல்பிரசோலத்தை விடவே மாட்டேன் என்கிறார்கள்

கேள்வி:
மனச்சோர்வு, பதற்றம் என்று வருபவர்களுக்கு எங்கள் கிளினிக்கில் எஸ்சிட்டலோபிராம் (மனச்சோர்வு மாத்திரை) 10 மி.கி., ராத்திரிக்கு அல்பிரசோலம் (பதற்றத்தைத் தணித்துத் தூங்கவைக்கும் மாத்திரை) 0.5 மி.கி. என்று எழுதுவது வழக்கம். பத்தே நாளில் முதலாவதை விட்டுவிடுகிறார்கள். இரண்டாவதை மட்டும் மாதக்கணக்கில் கேட்டு வாங்குகிறார்கள். எங்கே தப்பு? அதை எப்படி நிறுத்துவது?

பதில் 1:
தப்பு சீட்டிலேயே இருக்கிறது. அல்பிரசோலம் ஒரு மணி நேரத்தில் வேலை காட்டும். எஸ்சிட்டலோபிராமோ முதல் வாரம் குமட்டல், தலைவலி, படபடப்பைத்தான் காட்டும். பலன் தெரிய 2–4 வாரம், முழுசாகத் தெரிய 6–8 வாரம். இதைச் சொல்லாமல் அனுப்பினால் எது நல்ல மாத்திரை என்று நோயாளியே முடிவு கட்டிவிடுவார். முதல் வாரம் 5 மி.கி. சாப்பாட்டுக்குப் பிறகு, அப்புறம் 10. அல்பிரசோலம் பலருக்குத் தேவையே இல்லை. கொடுத்தே ஆகணும் என்றால் 2 வாரத்துக்கு மட்டும், நிறுத்தும் தேதியையும் சீட்டில் எழுதி. 2 வாரத்தில் திரும்ப வரச் சொல்லி, தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகவே கேளுங்கள்; 25 வயதுக்குக் கீழே என்றால் ஒரு வாரத்திலேயே.

பதில் 2:
மாதக்கணக்கில் போட்ட அல்பிரசோலத்தைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். 0.5ஐப் பாதியாக உடைத்தால் ஒரே தாவலில் 50% போகிறது. தூக்கம் கெட்டு, பழைய டோஸுக்கே திரும்புவது அங்கேதான். அதே வகையைச் சேர்ந்த, உடம்பில் அதிக நேரம் நிற்கும் டயசிபாமுக்கு மாற்றினால் சின்னப் படிகளாகக் குறைக்கலாம். 0.5 அல்பிரசோலத்துக்கு ஈடு சுமார் 10 மி.கி. டயசிபாம் (5 என்று போடும் அட்டவணையும் உண்டு). 2 வாரத்துக்கு ஒருமுறை 1 மி.கி. குறையுங்கள், அதாவது 2 மி.கி. மாத்திரையில் பாதி. கடைசி 2 மி.கி.யில்தான் இழுபறி, அங்கே இன்னும் மெதுவாக. நடுவில் தூக்கம் கெட்டால் டோஸை ஏற்றாதீர்கள், அதே படியில் இன்னும் 2 வாரம் நில்லுங்கள். முதியவர்கள், ஈரல் கெட்டவர்களுக்கு டயசிபாம் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். அவர்களுக்கு இந்த வழி வேண்டாம்.

பதில் 3:
ஒன்று விட்டுப்போச்சு. 65 வயதுக்கு மேல், ரத்த அழுத்தத்துக்குத் தயசைடு போடுபவர் என்றால் எஸ்சிட்டலோபிராம் தொடங்கும் முன்பும் 2–4 வாரத்திலும் ரத்தத்தில் சோடியம் பாருங்கள். குறைந்தால் சோர்வு, தள்ளாட்டம், குழப்பம் வரும். அதை மனச்சோர்வு கூடியதாக நினைத்து டோஸை ஏற்றினால் சோடியம் இன்னும் இறங்கும்.

கேட்டவர்:
மூட்டு வலிக்கு டிராமடால் போடுபவர்களுக்கு?

பதில் 3:
சேர்க்காதீர்கள். செரட்டோனின் என்ற மூளை ரசாயனம் அளவுக்கு மீறிக் கூடி நடுக்கம், வியர்வை, காய்ச்சல் வரலாம். வலிப்பு அபாயமும் உண்டு. பாராசிட்டமால் போதுமா பாருங்கள். ஐபுபுரூஃபன் வகைக்குப் போனால் எஸ்சிட்டலோபிராமோடு சேர்ந்து வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம். தவிர்க்க முடியாவிட்டால் கூடவே வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பாண்டோபிரசோல். ஒமிப்பரசோல் வேண்டாம், அது ரத்தத்தில் எஸ்சிட்டலோபிராம் அளவை ஏற்றும்.