பூனைக்குட்டிக்குப் படர்தாமரை, வீட்டில் நாயும் குழந்தையும் இருக்கிறார்கள்

காவிரிக்கரை:
ஐப்பசி மழையில் எங்கள் திண்ணையில் ஒதுங்கிய குட்டிக்குச் சிட்டு என்று பெயர் வைத்து வளர்க்கிறோம். மூன்று மாதம் இருக்கும். அதன் இடது காதோரம் எட்டணா அளவுக்கு வட்டமாக முடி கொட்டி, சாம்பல் தூவியது போலப் பொருக்கு தட்டியிருக்கிறது. சொறிந்துகொள்வதுகூட இல்லை. போன வாரம் என் ஆறு வயது மகளின் முழங்கையில் சிவந்த வளையம் ஒன்று வந்தது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்பைத் தடவினேன். முதலில் சிவப்பு மங்கியது, பிறகு முன்னைவிட அகலமாகப் படர்ந்துவிட்டது. மாமியார் பூனைக்குப் பூவரசங்காய்ப் பால் தடவச் சொல்கிறார். பக்கத்து வீட்டார் குட்டியைச் சந்தைப் பக்கம் விட்டுவிடச் சொல்கிறார்கள். நாய் கருப்பனுக்கு இதுவரை ஒன்றும் இல்லை. என்ன செய்வது?

மூன்றுபூனைவீடு:
சகோதரி, குட்டியை எங்கும் விடாதீர்கள். படர்தாமரை பூஞ்சையால் வருவது, தீருகிற நோய். மூன்று பூனைகளோடு ஐந்து மாதம் இதில் அல்லாடியவள் சொல்கிறேன்.

மகளுக்குப் போட்ட களிம்பை உடனே நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். அப்படிப்பட்ட களிம்பு அரிப்பை அடக்கும், பூஞ்சையை வளர்க்கும்.

சிட்டுவைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். எங்கள் மருத்துவர் அறையை இருட்டாக்கி ஊதா விளக்கைப் பிடித்தார். பூஞ்சை பிடித்த முடியின் அடிப்பகுதி மட்டும் பச்சை ஆப்பிள் நிறத்தில் ஒளிர்ந்தது. பிறகு புதுப் பல்துலக்கும் பிரஷ் ஒன்றால் உடம்பு முழுவதும் வாரி, அதைப் பூஞ்சை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வர இரண்டு வாரம் ஆனது. இட்ராகொனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தும், வாரம் இருமுறை மைக்கொனசோலும் குளோர்ஹெக்சிடினும் கலந்த ஷாம்பு குளியலும் கொடுத்தோம். நுரையைப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். அந்தப் பத்து நிமிடமும் குட்டியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே இருப்பேன்.

முதல் இரண்டு மாதம் வீணானது வீட்டைக் கவனிக்காததால்தான். ஒருநாள் சோபா மெத்தையைத் தூக்கினேன். தையல் ஓரம் நெடுக முடி திரிதிரியாக அடைந்து கிடந்தது. உதிர்ந்த முடியில் பூஞ்சையின் வித்துகள் ஓராண்டுக்கு மேலும் உயிரோடு இருக்கக்கூடும். பூனை தினமும் அதிலேயே புரண்டது. அதன்பின் குட்டியைச் சாமான் குறைந்த ஓர் அறையில் வைத்தேன். தினமும் ஈரத்துணியால் முடியை ஒற்றி எடுத்து, சோப்பு நீரால் துடைத்தேன். துணிகளைத் தனியாகத் துவைத்தேன். அதுவரை அசையாத நோய் அதற்குப் பிறகுதான் பின்வாங்கியது.

வேப்பேரிவாசி:
கருப்பனையும் சோதித்துவிடுங்கள். புண் இல்லாமலே முடியில் பூஞ்சையைச் சுமக்கலாம். பூவரசம் பால், வேப்பெண்ணெய் எதையும் பூனைமேல் தடவ வேண்டாம், நக்கி விழுங்கிவிடும். தரைக்குப் பினாயிலும் வேண்டாம், பாதத்தில் ஒட்டியது வயிற்றுக்குள் போகும். நீர்த்த பிளீச்சிங் கரைசல் போதும். சோப்பால் கழுவிய பிறகு அதைப் போட்டு, உலரும்வரை விலங்குகளை உள்ளே விடாதீர்கள். கழிப்பறை அமிலத்தோடு அதைக் கலந்துவிடாதீர்கள், நச்சுப்புகை வரும்.

மூன்றுபூனைவீடு:
இன்னொன்று: முடி வளர்ந்ததும் மருந்தை நிறுத்தத் தோன்றும். எங்களுக்கு அப்படித்தான் திரும்பி வந்தது. வளர்ப்புச் சோதனையில் பூஞ்சை இல்லை என்று வந்த பிறகு மருத்துவர் சொன்னால் நிறுத்துங்கள்.

காவிரிக்கரை:
நன்றி அக்கா, நன்றி ஐயா. மாடியறையை ஒழித்துவிட்டேன். பாயைச் சுருட்டும்போது அடியில் நீங்கள் சொன்ன அதே முடித்திரி. நாளைக் காலை சிட்டு, கருப்பன் இரண்டு பேரையும் கால்நடை மருத்துவரிடம் கூட்டிப்போகிறேன். மகள் சிட்டுவைத் தொடக்கூடாதா என்று கேட்டு அழுகிறாள். கதவுக்கு வெளியே உட்கார்ந்து கதை சொல்லச் சொல்லியிருக்கிறேன்.